திரையை விட்டுக் காதுக்கு: ஹிமாலயனில் மேப்பும் பாட்டும் அமைத்த அனுபவம்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை, தொண்டி என்று கடற்கரைச் சாலையைப் பிடித்து ஹிமாலயன் பைக்கில் ராமேஸ்வரம் போய்த் திரும்பியாகிவிட்டது. ஓடும் வண்டியில் ஒரு தடவைகூட போனைக் குனிந்து பார்க்க வேண்டி வரவில்லை. திருப்பத்துக்கு முன்னால் மேப்பின் வழி சொல்லும் குரல் தெளிவாகக் கேட்டது. குரல் வரும்போது பாட்டு தானாகத் தணிந்தது, முடிந்ததும் ஏறியது. மறுநாள் காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரி 12.7 வோல்ட்டில், அதாவது ஏறக்குறைய முழுச் சார்ஜில் நின்றது. ஹேண்டிலில் ஸ்பீக்கர் வைத்து ஆரம்பித்த வேலை ஹெல்மெட்டுக்குள் வந்து முடிந்திருக்கிறது. நடுவில் வாங்கியவற்றில் பாதி இப்போது அலமாரியில் இருக்கிறது. எது ஏன் நின்றது, எது ஏன் கழன்றது என்று வரிசையாக எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்குச் செலவாவது மிச்சமாகும்.

வண்டி ராயல் என்பீல்டு ஹிமாலயன், 411 சிசி. புதிய 450-இல் மீட்டரின் வட்டத் திரையிலேயே கூகுள் மேப் ஓடுகிறது. 411-இல் எல்லாவற்றையும் நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முன்னால் கணக்கு ஒன்று பார்த்தே ஆக வேண்டும். பேட்டரி 12 வோல்ட், 8 ஆம்பியர்-அவர். ஆல்டர்னேட்டர் 220 வாட். அதில் ஹெட்லைட் மட்டும் 55, 60 வாட் எடுக்கும். பெட்ரோல் பம்ப், இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), இக்னிஷன், பேட்டரி சார்ஜ் எல்லாம் மிச்சத்தில்தான் ஓட வேண்டும். போனுக்கு 10 முதல் 15 வாட், சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு 20 வாட் என்றால் தாங்கும். அதோடு மூடுபனி விளக்கு, ஹீட்டட் கிரிப் என்று அடுக்கிக்கொண்டே போனால் தாங்காது.

முதலில் கரண்ட்

பலரும் செய்கிற எளிய வழி, பார்க்கிங் லைட் வயரிலிருந்தே யூஎஸ்பி சார்ஜருக்குக் கிளை எடுப்பது. நானும் அதிலிருந்துதான் தொடங்கினேன். வண்டி நிற்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஓடும்போது பிரேக் பிடித்து இண்டிகேட்டரும் போட்டால் சார்ஜருக்கு வரும் வோல்ட்டேஜ் இறங்கியது. வேகச் சார்ஜிங் விட்டு விட்டு வந்தது, போன் ஒவ்வொரு தடவையும் ‘டிங்’ என்று ஒலி எழுப்பியது. மேப், ஜிபிஎஸ், முழு வெளிச்சத்தில் திரை என்று மூன்றும் ஓடும் போனுக்கு அந்த அரைகுறைச் சார்ஜ் போதவில்லை. தேவகோட்டை போய்ச் சேரும்போது போனில் சார்ஜ் கிளம்பியபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தது.

செக்காலைப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் காட்டினேன். வயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, லைட்டு வயரு லைட்டுக்கு மட்டுந்தான். அதுல சுமைய ஏத்தாதீங்க. ரிலே ஒண்ணு போட்டு பேட்டரியில இருந்து நேரா எடுங்க. லைட்டு வயரு ரிலேவைத் தட்டி எழுப்புனாப் போதும்.”

இந்த வேலை முழுவதும் நிற்பது அவர் சொன்ன அந்த ரிலே மேல்தான். சின்ன கரண்ட் தட்டினால் பெரிய கரண்டுக்கு வழிவிடும் சுவிட்ச்தான் ரிலே. நான் போட்டது நாலு கால் ரிலே, சந்தையில் எங்கும் கிடைப்பது. 30 என்ற காலுக்கு பேட்டரி பாசிட்டிவ், வழியில் ஃபியூஸ் வைத்து. 87 என்ற காலிலிருந்து நமது புதிய லைன். 86-க்கு டெயில் லைட் வயரிலிருந்து ஒரு மெல்லிய கிளை, 85-க்கு எர்த். சாவி போட்டால் டெயில் லைட்டோடு ரிலேவும் இணைப்பைக் கொடுக்கும், சாவியை எடுத்தால் விட்டுவிடும். ரிலேவுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் இழுப்பது 150 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் என்பதால் டெயில் லைட் வயருக்கு அது சுமையே இல்லை.

ரிலே இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. என் சார்ஜரில் வோல்ட் காட்டும் நீல எண்கள் இருக்கின்றன. போன் செருகாமலே அது 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, மல்டிமீட்டர் வைத்து அளந்தேன். 8 ஆம்பியர்-அவர் பேட்டரியை 0.02 ஆல் வகுத்தால் 400 மணி நேரம், அதாவது பதினாறு பதினேழு நாளில் பேட்டரி முழுக்கக் காலி. செல்ஃப் எடுக்காமல் போவதோ அதற்கு வெகு முன்பே நடந்துவிடும். வெளியூர் போய்விட்டு வந்து வண்டியை எடுப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பேட்டரியிலிருந்து ஹேண்டில் வரை 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டேன். மெல்லிய 0.5 வயரில் மீட்டருக்குச் சுமார் 34 மில்லி ஓம் தடை, 1.5-இல் அதில் மூன்றில் ஒரு பங்கு. போகவர மூன்று மீட்டர், நாலு ஆம்பியர் என்று வைத்தால் மெல்லிய வயர் 0.4 வோல்ட்டைத் தின்றுவிடும், தடித்தது 0.14 வோல்ட்தான் தின்னும். விலையில் வித்தியாசம் சில பத்து ரூபாய்.

வயரை டேங்குக்கு அடியில் கம்பெனி வயரிங் போகும் பாதையிலேயே, நெளிவுக் குழாய் மாட்டி விட்டேன். இதற்கு டேங்கின் போல்ட்டைத் தளர்த்திப் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் போதும். ஹேண்டில் கழுத்து திரும்பும் இடத்தில் வயரைக் கொஞ்சம் தொளதொளவென்று விட வேண்டும். இடது கோடி, வலது கோடி வரை ஹேண்டிலைத் திருப்பி, எங்கும் இழுக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் கேபிள் டையை இறுக்கலாம். ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும். வயர் நடுவழியில் உரசி ஷார்ட் ஆனால் காப்பாற்றுவது அந்த ஃபியூஸ்தான். மெயினுக்கு சிவப்பு நிற 10 ஆம்பியர், சார்ஜருக்குப் பிரவுன் நிற 7.5 போட்டிருக்கிறேன்.

எர்த்தை சேசிஸில் எங்காவது திருகாமல் பேட்டரி நெகட்டிவ் வரை தனி வயராகவே கொண்டு போனேன். இதன் அருமை பிறகு ஸ்பீக்கர் வைத்தபோது தெரிந்தது.

மவுண்டும் அதிர்வும்

ஹேண்டில் பார் 22 மி.மீ. போனை அதில் மாட்டும் மவுண்டுக்கு ஒரு அங்குல உருண்டை வைத்த கிளாம்ப், நடுக்கை, நாலு பக்கமும் பிடிக்கும் எக்ஸ் வடிவப் பிடி. பிடி உறுதியாகவே இருந்தது. ஆனால் ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு அப்படியே போனுக்கு ஏறியது. எஞ்சின் வேகம் 4,000-ஐத் தாண்டியதும் திரையில் தெருப் பெயர்கள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன.

திரை ஆடுவதைவிடக் கேமராவுக்கு வரும் ஆபத்து பெரிது. ஐபோன் கேமராக்களில் கை நடுக்கத்தைச் சமன்செய்ய லென்ஸை அசைக்கும் நுட்பம் இருக்கிறது. பெரிய மோட்டார்சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு அதைக் கெடுக்கலாம், போனை நேராக வண்டியில் மாட்டாதீர்கள் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. லென்ஸ் அசையும் நுட்பமுள்ள எந்தப் போனுக்கும் இதே கவலை உண்டு. ரப்பர் வைத்த அதிர்வு தாங்கி ஒன்றை நடுவில் சேர்த்த பிறகு எழுத்து ஒற்றையாகத் தெரிந்தது. ரப்பர் கெட்டிப்பட்டால் மாற்ற வேண்டும், அதுவும் ஒரு தொடர் செலவு.

அதிர்வைச் சமாளித்தாலும் வெயிலைச் சமாளிக்க முடியவில்லை. போன் கம்பெனிகள் பயன்படுத்தச் சொல்லும் வெப்ப எல்லை பெரும்பாலும் 35 டிகிரியோடு நின்றுவிடும். நம் ஊரில் சித்திரை வைகாசி மதியத்தில் நிழலிலேயே அதற்கு மேல். ஹேண்டிலில் நேர் வெயிலில், முழு வெளிச்சத்தில், சார்ஜ் ஏறிக்கொண்டே ஓடும் போன் முதலில் சார்ஜை நிறுத்தியது, பிறகு திரையை மங்க வைத்தது. திருமயம் கோட்டையைத் தாண்டும்போது திரை ஏறக்குறைய கறுப்பாகவே இருந்தது. வெள்ளை உறை, மேலே சின்னக் கூரை எல்லாம் போட்டால் கொஞ்சம் தாமதமாகச் சூடாகும், அவ்வளவுதான். திரையை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு போனால் போன் சூடாகவே இல்லை. எனக்கு யோசனை அங்கிருந்துதான் திரும்பியது.

ஹேண்டிலில் ஸ்பீக்கர்

குரல் கேட்க வேண்டும் என்றால் ஸ்பீக்கர் வேண்டும். மூன்று அங்குல 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு, டிபிஏ3118 சிப் வைத்த ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்று. 12 வோல்ட்டில் 4 ஓமுக்கு ஒரு பக்கம் 15 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. போர்டில் எவ்வளவு வாட் என்று அச்சடித்திருந்தாலும் வோல்ட்டேஜ் அனுமதிப்பது அவ்வளவுதான். எலக்ட்ரிக்கல் கடையில் விற்கும் சின்ன பிளாஸ்டிக் ஜங்ஷன் பெட்டிக்குள் போர்டை வைத்து, வயர் நுழையும் ஓட்டையை சிலிகான் போட்டு அடைத்தேன்.

போனிலிருந்து பாட்டைக் கொண்டுபோகும் ஆக்ஸ் கேபிள் மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பாட்டுக்குப் பின்னால் ஒரு ஊளைச் சத்தம். ஆக்சிலரேட்டர் கூடக் கூட அதன் சுருதியும் ஏறியது. சார்ஜர் கேபிளைப் பிடுங்கினால் சத்தம் நின்றுவிடும். போனுக்குச் சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் கேபிள் வழியாக இன்னொரு எர்த். இரண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகி, ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அதில் ஏறிப் பாட்டோடு வருகிறது. இரண்டு எர்த்தையும் பேட்டரி நெகட்டிவில் ஒரே புள்ளிக்குக் கொண்டு வந்ததில் பெரும்பகுதி குறைந்தது. மிச்சமிருந்தது, உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டதும் போய்விட்டது. 250 ரூபாய். அடிநாதம் கொஞ்சம் மெலிந்தது, சாலையில் அது தெரியவில்லை. ஆக்ஸ் கேபிளே இல்லாமல் புளூடூத்தில் அனுப்பினால் போன் பக்கத்து வளையம் உருவாகவே வாய்ப்பில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சத்தம் சுத்தமாக வந்ததும் அழகப்பா பல்கலைக்கழகமும் சிக்ரியும் இருக்கும் கல்லூரிச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். (சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம்.) 40 கிலோமீட்டர் வேகத்தில் நாதஸ்வரமும் தவிலும் அருமையாகக் கேட்டன. ஊரைத் தாண்டி 60-ஐத் தொட்டதும் தவிலின் அடி காணாமல் போய் கீச்சுக் குரல் மட்டும் மிஞ்சியது. 80-இல் ஒன்றுமே இல்லை. ஸ்பீக்கரின் சத்தம் ஹெல்மெட்டுக்கு வெளியே நிற்கிறது, காற்றின் சத்தமோ ஹெல்மெட்டின் கழுத்து வழியாக நேரே காதுக்கு வருகிறது. எத்தனை வாட் கூட்டினாலும் இந்தச் சண்டையில் காற்றுதான் ஜெயிக்கும்.

பின்னால் உட்கார்ந்து வந்த மனைவி வண்டியை நிறுத்தியதும் கேட்டார்: “என்னங்க, அரியக்குடி தாண்டுனதுல இருந்து கூப்புடுறேன். இந்தச் சத்தத்துல நான் கூப்புட்டா உங்களுக்குக் கேக்குமா?” கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

வேகம் குறைந்தால் நிலைமை தலைகீழ். கானாடுகாத்தான், பள்ளத்தூர் தெருக்களில் மதிய நேரம் ஒரு காக்கை கத்தினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர், நேர் கோடாகத் தெரு. அதற்குள் ஸ்பீக்கர் போட்ட வண்டி நுழைவது அங்கே குடியிருப்பவர்களுக்குச் செய்யும் தொல்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்கள் சிங்கம்புணரி, நத்தம் சாலையோரம் வரிசையாகப் போவார்கள். அவர்களைக் கடக்கும்போது என் பாட்டு அவர்கள் காதில் விழுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்பீக்கர், ஆம்ப் எல்லாவற்றையும் கழற்றினேன். ரிலேவும் லைனும் சார்ஜருக்காக அப்படியே நின்றன.

ஹெல்மெட்டுக்குள்

அடுத்தது போனின் குரலையும் பாட்டையும் காதுக்கே கொண்டுவர, ஹெல்மெட்டில் மாட்டும் புளூடூத் இன்டர்காம். 40 மி.மீ. ஸ்பீக்கர் இரண்டு, பட்டன் மைக், பக்கவாட்டில் ஒட்டும் பெட்டி. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டுக்கு வாய்க்கு எதிரே ஒட்டும் பட்டன் மைக்தான் சரி. முகம் திறந்த ஹெல்மெட்டுக்குக் கம்பி மைக் வேண்டும்.

பெட்டியைப் பிரித்து ஒட்டியதும் வந்த சத்தம் ஏமாற்றம்தான். இசை எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது. இந்தச் சின்ன ஸ்பீக்கர்களில் எல்லாமே இடத்தைப் பொறுத்தது. காது துளைக்கு நேர் எதிரே, காதை ஏறக்குறைய தொட்டபடி இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தள்ளினாலே பாதி சத்தம் காணாமல் போகிறது. ஹெல்மெட்டுக்குள் காது எங்கே வருகிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு வீட்டில் இருந்த சந்தனத்தைக் குழைத்துக் காது மடலின் நடுவில் தடவிக்கொண்டு, ஹெல்மெட்டை எப்போதும் போடுவதுபோலப் போட்டு, தாடை வாரை மாட்டி, அசையாமல் கழற்றினேன். உள்துணியில் இரண்டு பக்கமும் சந்தனப் பொட்டு விழுந்திருந்தது. இடது பொட்டு நான் ஒட்டியிருந்த இடத்திலிருந்து நன்றாகவே பின்னால் தள்ளியும், வலது பொட்டு கொஞ்சம் கீழேயும் இருந்தன. இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பொட்டின் நடுவை ஸ்பீக்கரின் நடுவாக வைத்து வெல்க்ரோ ஒட்டினேன். சந்தனம் ஈரத்துணியில் துடைத்தால் போய்விடும்.

இடைவெளி மிச்சமிருந்தால் ஸ்பீக்கருக்குப் பின்னால் ஃபெல்ட் துணி வைத்து முன்னுக்குக் கொண்டுவரலாம். இடம் போதவில்லை என்று ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் கெட்டித் தெர்மாகோலை மட்டும் வெட்டக் கூடாது. அடிபட்டால் தலையைக் காப்பது அந்தப் பகுதிதான், ஐஎஸ்ஐ முத்திரைக்குச் சோதிப்பதும் அது முழுசாக இருக்கும் நிலையில்தான். காதுக்கென்றே குழி விட்ட ஹெல்மெட் கிடைக்கிறது. இல்லாத ஹெல்மெட்டில் ஸ்பீக்கர் காதை அழுத்தி, அரை மணி நேரத்தில் வலிக்கும்.

இடம் சரியானதும் 80-இலும் குரல் கேட்டது. ஆனால் வால்யூமை முழுக்க ஏற்ற வேண்டியிருந்தது. காற்றின் சத்தம் ஏற்கெனவே காதுக்குப் பெரிய சுமை, அதன் மேல் பாட்டையும் ஏற்றுவது நல்லதல்ல. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு, வேலை செய்யும் இடத்துக்கு வகுத்த வரம்பு 85 டெசிபெல்லுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபெல் என்றால் ஒரு மணி நேரம்தான். நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் இதை மனசில் வைக்க வேண்டும்.

இதற்கு வழி மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை இயர்பிளக். சுருட்டிக் காதுக்குள் விட்டால் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதன் மேல் ஹெல்மெட். காற்றின் ‘ஹோ’ அடங்கிவிடுகிறது, ஸ்பீக்கர் காதுக்கு ஒட்டி இருப்பதால் குரல் தெளிவாக வருகிறது. வால்யூமைப் பாதிக்குக் குறைத்தேன். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டே ஓட்டினேன், கேட்டது. ஊருக்குள் பிளக்கும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசலில் காது வெளியேதான் இருக்க வேண்டும்.

குரலைப் பழக்குவது

மேப்பில் இருசக்கர வாகன வழியைத் தேர்ந்து, குரலைத் தமிழுக்கு மாற்றினேன். அப்போதுதான் ஒரு குறை தெரிந்தது. பாட்டு ஓடாமல் மேப் மட்டும் ஓடினால், இன்டர்காம் மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். குரல் வரும்போது விழித்துக்கொள்ள ஒரு நொடி எடுக்கும். அந்த ஒரு நொடியில் முதல் சொல் விழுங்கப்பட்டுவிடும். தமிழில் தூரம் முதலில் வருவதால், தொலைவில் சொல்லும் அறிவிப்பில் போவது ‘200 மீட்டர்’. அது போனால் பரவாயில்லை. திருப்பத்துக்கு அருகில் சொல்லும் அறிவிப்பில் முதல் சொல்லே இடதா வலதா என்பதுதான். ‘…பக்கம் திரும்பவும்’ என்று மட்டும் காதில் விழுந்தால் என்ன செய்வது?

தீர்வு எளிது. எப்போதும் ஏதாவது ஒலி மெல்ல ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு வேண்டாதபோது சத்தமே இல்லாத ஒலிக்கோப்பு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட விடுகிறேன். புளூடூத் இணைப்பு விழித்தே இருக்கிறது, சொல் எதுவும் போவதில்லை.

குரலை மட்டும் நம்பிப் போக நம் ஊர்ப் பெயர்களில் கவனம் தேவை. ‘திருப்பத்தூர்’ என்று தேடினால் நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரும் வரும், 2019-இல் தனி மாவட்டமான வட தமிழ்நாட்டுத் திருப்பத்தூரும் வரும். தேவகோட்டை வேறு, ரயில் நிலையம் இருக்கும் தேவகோட்டை ரஸ்தா வேறு. கிளம்புமுன் மொத்தக் கிலோமீட்டரைப் பார்த்து, மனசில் இருக்கும் தூரத்தோடு ஒத்துப்பார்ப்பது நல்ல பழக்கம். இருசக்கர வழி சில சமயம் கண்மாய்க் கரை மேல் ஏற்றிவிடும். வெயில் காலத்தில் அழகான சாலை அது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் செம்மண்ணில் கனமான வண்டியோடு மாட்டினால் கஷ்டம். மழை நாட்களில் பெரிய சாலையையே நடுவில் நிறுத்தங்களாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

செட்டிநாட்டு ஊர்களுக்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. நகரத்தார் வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும். திறந்த வானத்தின் கீழ் போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் இடம் காட்டும் என்றாலும், அந்த வீட்டை எந்தத் தெருவிலிருந்து அணுகுவது என்பது அதற்குத் தெரியாது. பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்குப் போனபோது குரல் ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்று சொன்ன இடத்தில் பூட்டிய சின்னக் கதவு. திண்ணையில் இருந்த ஆச்சி ஒருவர் பார்த்துவிட்டு, “அப்பு, இது பின்கட்டு. அந்த முக்குல திரும்பி முன் தெருவுக்குப் போங்க, முகப்பு அங்கனதான் இருக்கு” என்றார். அதிலிருந்து இந்த ஊர்களில் வீட்டைத் தேடும்போது முகப்பு வாசல் எதிரில் போய் நின்று, அந்த இடத்தையே குறித்து வைத்துக்கொள்கிறேன். அடுத்த தடவை குரல் சரியான தெருவுக்குக் கொண்டு விடுகிறது.

சட்டம் பற்றி ஒரு வரி: ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழிகாட்டுதலுக்கு மட்டும், கவனம் சிதறாத விதத்தில் பயன்படுத்தலாம் என்பது 2020 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் விதி. கையில் போனைப் பிடித்து ஓட்டுவதற்கு அது அனுமதி இல்லை.

ராமேஸ்வரம் ஓட்டத்தில் சோதித்தது மூன்று விஷயம். முதலாவது, சிக்னல். தனுஷ்கோடி நெருங்க நெருங்க நெட்வொர்க் விட்டு விட்டு வந்தது. ராமநாதபுரம் மாவட்டம் முழுவதையும் முன்பே ஆஃப்லைனில் இறக்கி வைத்திருந்ததால் குரல் நிற்கவில்லை. பாட்டும் போனிலேயே இறக்கியதுதான். இரண்டாவது, காற்று. பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று வண்டியையே தள்ளியது. அங்கே பாட்டை நிறுத்திவிட்டேன். கைப்பிடியில் கவனம் முழுக்க வேண்டிய இடத்தில் காதில் எதுவும் இருக்கக் கூடாது. மூன்றாவது, உப்பு. திரும்பி வந்து கனெக்டர்களைப் பிரித்துப் பார்த்தேன். வாசலின் தடவி மூடிய இணைப்புகள் பளபளவென்று இருந்தன. தடவாமல் விட்ட யூஎஸ்பி வாயில் பச்சை படர ஆரம்பித்திருந்தது. அதை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் துடைத்து, ரப்பர் மூடி போட்டிருக்கிறேன்.

செலவு: ரிலேவும் சாக்கெட்டும் 180 ரூபாய், ஃபியூஸ் பெட்டி 350, வயர், நெளிவுக் குழாய், ஹீட் ஷ்ரிங்க் சேர்த்து 300, யூஎஸ்பி சார்ஜர் 900, எலக்ட்ரீஷியன் அண்ணனின் கூலி 400. மவுண்ட் 1,800, அதிர்வு தாங்கி 1,100. இன்டர்காம் 4,200. இயர்பிளக் ஜோடி 20. கழற்றி வைத்த ஸ்பீக்கர், ஆம்ப், ஐசொலேட்டர், பெட்டி எல்லாம் சேர்ந்து 1,450. கருவிகள் வீட்டிலேயே இருந்தன: 10 மி.மீ. ஸ்பேனர், ஆலன் கீ, கிரிம்பிங் பிளையர், மல்டிமீட்டர். கிரிம்பிங் பிளையர் இல்லாதவர்கள் அதை மட்டும் நல்லதாக வாங்கிக்கொள்ள வேண்டும். வயர் முனையில் மாட்டும் உலோக லக்குகளில், பல்லால் கடித்தது போல நசுக்கியவைதான் ஆறு மாதத்தில் கழன்று வருபவை.

இன்னொரு வண்டிக்கு முதலிலிருந்து செய்தால் இன்டர்காமை முதலில் வாங்குவேன். அதைப் போட்டுக் குரலோடு மட்டும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மவுண்ட் தேவையா என்று முடிவு செய்வேன். என் அனுபவத்தில் போன் ஜாக்கெட்டின் உள்பையில் இருந்தால் வெயில் இல்லை, அதிர்வு இல்லை, மழை இல்லை, கண்ணும் சாலையில் இருக்கிறது. ஹேண்டில் மவுண்டைக் கழற்றிவிட்டு, சார்ஜர் வாயை டேங்க் பைக்குள் கொண்டு போகப் போகிறேன். நீண்ட ஓட்டத்தில் டீக்கு நிறுத்தும்போது போன் அங்கே சார்ஜ் ஆகட்டும். கனெக்டர்கள் எல்லாம் பூட்டுப் போடும் வாட்டர்ப்ரூஃப் வகையாக இருக்க வேண்டும். இப்போது இருப்பவற்றில் பாதி சாதாரண லக்.

அதற்கு முன்னால் மனைவியின் ஹெல்மெட்டுக்கும் இதே கம்பெனியின் இன்னொரு இன்டர்காம் வர வேண்டும். இரண்டு வேறு கம்பெனிகளைச் சேர்த்துப் பேச வைப்பதில் தொந்தரவு அதிகம் என்பதால் ஒரே வகையாக வாங்குகிறேன். அவருடையது முகம் திறந்த ஹெல்மெட், ஆகவே கம்பி மைக் வைத்த செட். காதுக் குழியின் ஆழத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன், 12 மி.மீ. வருகிறது. ஸ்பீக்கரின் தடிப்பு 10 மி.மீ. ஃபெல்ட் இல்லாமலே உட்காரும். சந்தனம் இந்தத் தடவை அவர் குழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.